தடாகத்தில் ஒரு மீட்புப் பயிற்சி

மன்னார்க் கடலிலே கல்லைப் பற்றிக்கொண்டு மூழ்கிய முத்துக்குளிப்போரிடம், மேற்பரப்பில் உள்வாங்கிய ஒரே மூச்சுத்தான் இருந்தது. ஆழத்திற் சுருங்கிய அக்காற்று, அவர்கள் மேலே வந்ததும் பழைய அளவையே அடைந்தது. 1943ஆம் ஆண்டிலே பிரான்சில் கூஸ்தோ, காஞான் என்னும் இருவர் உருவாக்கிய கருவியின் வழிவந்த காற்றுக்கலனைச் சுமந்து செல்லும் சுழியோடியின் நிலை வேறு. அவர் ஆழத்திலேயே, அங்குள்ள அமுக்கத்திற்கேற்ற காற்றைச் சுவாசிக்கிறார். 10 மீற்றர் ஆழத்தில் நிறைய இழுத்த மூச்சை அடக்கியவாறே மேலெழுந்தால், அக்காற்று இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

அச்சங்கொண்டவர் செய்வதோ இதையேதான். மூச்சை அடக்கிக்கொண்டு மேல்நோக்கிப் பாய்கிறார். அச்சம் அறிவுரையைக் கேளாது, நேயர்களே. ஆதலால் செய்யவேண்டியவற்றைக் கைகள் பழகியிருத்தல் வேண்டும். அதற்கு ஏற்ற இடம் நீச்சல் தடாகம்.

அங்கே ஒருவர் பதறுபவராக நடிப்பார், மற்றவர் மீட்பார். மீட்பவர் முதலில் தமது அங்கியிற் காற்றை நிரப்பித் தாம் மிதந்துகொள்வார். பின்னர், ஈயப்பட்டியைக் கழற்றும்படி எட்ட நின்றே உரத்துச் சொல்லுவார். பயனில்லையேல் பின்புறமாகச் சென்று காற்றுக்கலனைப் பற்றுவார். பதறியவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? மேலே திமிறுவது வீண், கீழே மூழ்கவேண்டும். காற்றை நாடுபவர் கீழே தொடர்ந்து வரமாட்டார், பிடியை விட்டுவிடுவார். சொல்லக் கேட்கையில் எளிதாயிருக்கும் இது, புதியவர்களுக்கு எளிதில் வருவதில்லை.

உணர்விழந்தவரை மீட்பது இன்னும் கடினம். முகத்தை மேலே திருப்பி, மூச்சில்லையெனக் கண்டால், ஏறக்குறைய 5 செக்கனுக்கு ஒருமுறை ஊதியவாறே கரைக்கு இழுத்துச் செல்லவேண்டும். ஊதும் இடைவெளிகளில் பட்டிகளையும் கழற்றவேண்டும். எண்ணிக்கை தவறாதிருக்கப் பலமுறை பழகவேண்டும்.

தடாகந்தானே என்று அசட்டையாயிருத்தலும் ஆகாது. காற்றுக்கலனிலிருந்து சுவாசித்தபின் மூச்சை அடக்கி எழுந்தால், ஒரு மீற்றரைச் சற்றே கடந்த ஆழமும் நுரையீரலுக்குத் தீங்கு செய்யக்கூடும். அன்றியும், மூழ்குவதாக நடிப்பவர் உண்மையிலேயே மூழ்கினால், பார்ப்பவர் நடிப்பின் திறமையை மெச்சிக்கொண்டு நிற்பர்! ஆகவே, இது நடிப்பன்று என்பதைத் தெரிவிக்கும் சைகையொன்றை முன்னரே வகுத்துக்கொள்ளல் அவசியம்.

கடைசியாக, கரையேற்றுதல். நீரில் இலேசாக மிதந்த உடல் விளிம்பிலே முழுப்பாரமாகிவிடும். தனியொருவரால் தூக்குவது அரிது. ஆதலால் உதவிக்குக் கூவுவதும் பயிற்சியில் ஒரு பகுதி. கூச்சத்தால் மெல்லக் கூவுபவரை மீண்டும் கூவச் செய்வதே நல்ல ஆசிரியரின் வேலை.