புகையின் நிறம் சொல்லும் சேதி

நெருப்பில்லாமல் புகையாது என்பது முன்னோர் வாக்கு. உழவு இயந்திரத்தின் கதை சற்று வேறு. அங்கே நெருப்புச் சரியாக எரியாதபோதுதான் புகை அதிகமாகிறது.

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் பயிர் செய்யும் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அவர்கள் தம்மோடு கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு பழைய உழவு இயந்திரம். பெரும்போக உழவு நெருங்கிய வேளையில் அது கரும்புகை கக்கத் தொடங்கியது. இழுவையும் குறைந்தது. "எஞ்சினை முழுதாக இறக்க வேண்டும்" என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் தாலிக்கொடியை அடகு வைக்க ஆயத்தமானார். நாம் போய் எயார் கிளீனரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றியபோது, அதில் ஒயிலுக்குப் பதிலாகக் களிமண் போல இறுகிய சேறுதான் இருந்தது. கழுவிப் புது ஒயில் விட்டதும் புகை பெருமளவு அடங்கியது. தாலிக்கொடி கழுத்திலேயே இருந்தது.

எனவே எஞ்சினைத் திறக்குமுன் புகையின் நிறத்தைப் பாருங்கள். எமது பகுதிகளில் இன்றும் உழைக்கும் மசி பேர்குசன் 35, 135 போன்ற பழைய டீசல் இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கரும்புகை

டீசல் எரியப் போதிய காற்று இல்லை, அல்லது டீசல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்பதே இதன் பொருள். பாரமான இழுவையின்போது சிறிது கரும்புகை வருவது இயல்பு. எப்போதும் வந்தால் முதலில் எயார் கிளீனரைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே குறித்துள்ள அடையாளம் வரை மட்டும் ஒயில் விடுங்கள். கூடினால் எஞ்சின் அந்த ஒயிலை உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயம் உண்டு. புழுதி உழவுக் காலத்தில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். எயார் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது பெருந்தவறு. புழுதி உள்ளே போய் றிங்கையும் லைனரையும் அராவிவிடும்.

அதன் பின்னும் புகை அடங்காவிட்டால் நொசிலைச் சந்தேகியுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு நொசிலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, மீண்டும் இறுக்குங்கள். ஒன்றைத் தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. தடுமாறாவிட்டால், அல்லது புகை நின்றால், பழுது அங்கேதான். அந்த நொசிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். பழுதும் கூடவே போனால் நொசிலை மட்டும் பரிசோதனைக்குக் கொடுத்தால் போதும்.

எச்சரிக்கை: நொசிலிலிருந்து டீசல் பாய்வது நூறு வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலே. அது தோலைத் துளைத்து உள்ளே போகும். நட்டின்மேல் துணியைப் போர்த்துங்கள். விரலும் முகமும் கிட்டப் போகக்கூடாது. தோலில் பாய்ந்தால், ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரிந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெண்புகை

காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் சில நிமிடம் வெண்புகை வந்து மறைந்தால் கவலையில்லை. மறையாமல் கண்ணை எரித்து டீசல் மணம் வீசினால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது. பரலில் சேமித்த டீசலிலும், நெடுநாள் சும்மா நின்ற இயந்திரத்தின் தாங்கியிலும் தண்ணீர் சேர்ந்திருக்கும். தாங்கியின் அடியிலும் பில்டரிலும் உள்ள தண்ணீரை வடித்து, பின் குழாய்களிலுள்ள காற்றையும் எடுத்துவிடுங்கள்.

றேடியேற்றரில் தண்ணீர் அடிக்கடி குறைகிறதா? எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கிளப்பிப் பாருங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தால் ஹெட் காஸ்கட் போயிருக்கலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். ஒயில் பார்க்கும் கம்பியில் ஒயில் பால் போலத் தெரிந்தால், ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படியானால் எஞ்சினைக் கிளப்பாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

நீலப்புகை

இது எஞ்சின் ஒயில் எரியும் புகை. ஒயில் அளவுக்கு மேல் உள்ளதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறி, டீசல் மணமும் வந்தால், டீசல் ஏற்றும் சிறு பம்பின் டயப்பிரம் கிழிந்திருக்கலாம். ஒயில் நீர்த்துப்போனால் பெயரிங்குகள் தேயும். ஆகவே அதைத் திருத்தி, ஒயிலையும் மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றால் பெரும்பாலும் வால்வ் கைட் தேய்வுதான். ஒயிலை ஊற்றி ஊற்றி அந்தப் போகத்தை ஒப்பேற்றலாம். உழும்போது தொடர்ந்து நீலப்புகை வந்து, எஞ்சினின் மூச்சுக்குழாயாலும் புகை தள்ளினால் றிங், லைனர் தேய்ந்துவிட்டன. அப்போதுதான் எஞ்சினை இறக்கும் பேச்சுக்கு இடமுண்டு. அதையும் அறுவடைக்குப் பின், கையில் பணம் இருக்கும்போது செய்வது நல்லது.

முடிவாக

ஒயில், எயார் கிளீனர், டீசலில் தண்ணீர், நொசில் என்ற ஒழுங்கில் பாருங்கள். முதல் மூன்றையும் உங்கள் வளவிலேயே அரை நாளில் பார்த்துவிடலாம். டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பதைத் தவிருங்கள். பம்புக்கு வழுவழுப்புத் தருவது டீசல்தான்.

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் இயேசு உவமை சொன்னார். எஞ்சினைத் திறப்பதற்கும் அதே கணக்கு வேண்டும். பலமுறை எல்லாவற்றையும் இழந்து எழுந்த எமது குடும்பங்கள், தேவையற்ற ஒரு திருத்த வேலைக்காக மீண்டும் கடனில் விழக்கூடாது. கராஜுக்குப் போகும்போது "புகைக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன நிறம், எந்த வேளையில், எதை எதைப் பார்த்தாயிற்று என்பதையும் சொல்லுங்கள். விபரம் அறிந்து போகிறவரை ஏமாற்றுவது கடினம்.