நீங்கள் செய்யாத செலவு, கார்டில் விழுந்தால்

மலையகத்தின் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கித் தோட்டத்துக்குள் நடப்பவர்களுக்கு இது புதிதல்ல. லயத்துக் காம்பராவுக்குத் தெருப் பெயர் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. கொழும்பில் வேலை செய்யும் மகனும் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் மகளும் கடனட்டை எடுக்கும்போது நிரந்தர முகவரியாக எழுதிக்கொடுப்பது இந்த விலாசத்தைத்தான்.

இதில் என்ன சிக்கல்? தான் செய்யாத ஒரு செலவை வாடிக்கையாளர் ஆட்சேபிக்க வங்கி ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. மாதாந்தக் கூற்றின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி மோசடிப் பணத்தை வியாபாரியின் வங்கியிடம் திருப்பிக் கேட்க உங்கள் வங்கிக்குப் பொதுவாக 120 நாள் உண்டு. உங்களுக்குத் தரப்படுவது அதைவிடக் குறைவு. கூற்று தபாலில் வந்து, ஆபீசில் கிடந்து, பெருநாளுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளையின் கையில் சேரும்போது அந்தக் கெடு முடிந்தே போயிருக்கலாம். ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி செய்வதும், கூற்றை மின்னஞ்சலுக்கு மாற்றுவதும் அதனால்தான் மலையகத்தில் கட்டாயம் என்பேன்.

அண்மைய ஆண்டுகளில் பலர் சிக்கிய வழி தபாலின் பெயரிலேயே வந்தது. 'உங்கள் பொதி வந்துள்ளது, விலாசம் சரியில்லை, சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி. இணைப்பைத் தொட்டால் தபால் திணைக்களத்தின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். கார்ட் இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், கடைசியாகப் போனுக்கு வரும் ஒரு முறைக் கடவு இலக்கமான ஓடிபி வரை கேட்கும். அடுத்த சில நிமிடங்களில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையில் பெரிய தொகைக்குக் கொள்வனவு நடந்துவிடும். விலாசம் எப்போதும் தகராறாகவே இருக்கிற ஊரில் இந்தச் செய்தியை நம்பியவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலவு தெரிந்த கணமே வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு எடுத்துக் கார்டை முடக்க வேண்டும். அந்த இலக்கம் கார்டின் பின்னால்தான் இருக்கும். கார்டே தொலைந்தால் அதுவும் போய்விடும், ஆகவே இன்றைக்கே போனில் பதிந்துகொள்ளுங்கள். பேசியவரின் பெயர், நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதிவையுங்கள். 'பணம் இன்னும் நிலுவையில் இருக்கிறது, கணக்கில் பதிவான பிறகு வாருங்கள்' என்பார்கள். அது நடைமுறைதான். ஆனால் உங்கள் எழுத்து முறைப்பாடு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வங்கியின் முதல் கேள்வி ஓடிபி பற்றியதாக இருக்கும். முழு வழக்கும் இங்கேதான் நிற்கிறது. சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை. அப்படி நடந்த மோசடியில் நட்டம் பெரும்பாலும் வியாபாரியின் பக்கம்தான் சேரும், ஆதலால் பணம் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஓடிபி அனுப்பப்பட்டிருந்தால், 'ஓடிபி போயிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது' என்று தொலைபேசியிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். ஓடிபி போனது வேறு, நீங்கள் கொடுத்தது வேறு. எந்த இலக்கத்துக்குப் போனது? மாமாவின் பெயரில் எடுத்து, பிறகு கைவிட்ட பழைய சிம்முக்கா? எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உடனே அறிவிப்பதன் பலத்துக்கு இந்திய வழக்கு ஒன்று உதாரணம். அஸாமில் ஒருவர் இணையத்தில் வாங்கிய உடையைத் திருப்பிக் கொடுக்கப் போய், வாடிக்கையாளர் சேவை என்று பேசியவரிடம் 94,204 இந்திய ரூபாயை இழந்தார். ஒரு நாளுக்குள் வங்கிக்கு அறிவித்துவிட்டார். தவறு அவருடையதே என்றது ஸ்டேட் பாங்க் ஒஃப் இந்தியா. கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் வங்கியே பொறுப்பு என்றது. அங்கே ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்கும் சுமையை வங்கியின் தலையில் வைத்தது. அந்த விதி இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உடனே அறிவித்தவரின் கை எங்கும் பலமானது.

ஆட்சேபித்துவிட்டோமே என்று முழுப் பட்டியலையும் கட்டாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். நீங்கள் செய்த செலவைக் கட்டிவிடுங்கள். தகராறிலுள்ள தொகைக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் ஏற்றாமல் நிறுத்திவைக்கும்படி முறைப்பாட்டுக் கடிதத்திலேயே கேளுங்கள். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு விதித்த உச்ச வரம்பே 28 சதவீதம். அதைவிடப் பெரிய பயம் 'கிரிப்' எனப்படும் கடன் தகவல் பணியகம். அங்கே நிலுவை பதிவானால் நாளைக்கு ஓட்டோ லீசிங் கேட்டுப் போகும்போது கதவு மூடும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடி இரண்டு நாளை இழப்பதைவிட அது மேல். பிரதி ஒன்றில் வங்கியின் ஹட்டன் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். பொலிஸிலும் ஒரு முறைப்பாடு பதிவாகட்டும். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டத்தின்படி இது குற்றம். வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். கட்டணமில்லாமல் விசாரிக்கும் நிதியியல் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். இருவருமே முதலில் கேட்பது, வங்கிக்கு நீங்கள் எழுதிய கடிதம் எங்கே என்றுதான்.

சில வேளை தொகை சில நாட்களிலேயே கணக்கில் திரும்பிவிடும். அநேகமாக அது தற்காலிகமாகப் போட்டது. வியாபாரி ஆதாரம் காட்டினால் மறுபடி எடுத்துக்கொள்வார்கள், ஆகவே விசாரணை முடிந்தது என்ற கடிதம் வரும்வரை அதில் கைவைக்காதீர்கள். அந்தக் கடிதத்தையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.