மிதிக்கும்போது பேச முடிகிறதா?

ஜிம்மில் ஒரு சைக்கிளில் 8-ஆம் நிலையை வைத்து அரை மணி நேரம் அலட்டாமல் மிதிப்பவர், வேறொரு கம்பெனி சைக்கிளில் அதே 8-ஐ வைத்தால் ஐந்தே நிமிடத்தில் திணறிப்போகலாம். இந்த நிலை எண்களுக்குப் பொது அளவு கிடையாது. வாட் காட்டும் சைக்கிள் இதைவிடத் தேவலாம். ஆனால் பெடலுக்குப் போய்ச் சேரும் திறன் எவ்வளவு என்பதைத்தான் வாட் சொல்லும். பந்தய வீரருக்கு 100 வாட் என்பது உடலைச் சூடேற்றும் வேலை. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு அதுவே கடும் உழைப்பு. அந்த 100 வாட்டுக்கு உங்கள் உடல் என்ன விலை கொடுக்கிறது என்பதுதான் பயிற்சியின் தீவிரம்.

விலையை அறியப் பலரும் நாடுவது இதயத்துடிப்பை. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது பிரபலமான கணக்கு. 1970-களின் தொடக்கத்தில் பரவிய இது, அதற்கென்று நடந்த ஆய்வில் பிறந்ததல்ல. அன்று கைவசமிருந்த தரவுகளைத் தொகுத்துப் போட்ட தோராயக் கணக்கு. ஹிரோஃபுமி தனகாவின் குழு 2001-இல் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னது. 70 வயதுக்காரருக்குப் பழைய கணக்கில் 150, புதியதில் 159. எதை எடுத்தாலும் தனிமனிதருக்குப் பத்து இருபது துடிப்பு முன்பின் இருக்கலாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு கணக்குமே பொருந்தாது.

இதயத்துடிப்புக் கணக்கை வெப்பமும் குழப்பும். தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் சூடாக மாறுகிறது. பெடலில் 100 வாட் என்றால் உடலில் 300 வாட்டுக்கு மேல் வெப்பம். சாலையில் எதிர்காற்று அதைத் தணிக்கும். அறைக்குள் அது இல்லை. தோலைக் குளிர்விக்க ரத்தம் அதிகம் திரும்புவதால், மிதிக்கும் வேகம் மாறாமலே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். மின்விசிறி இங்கே சொகுசு அல்ல, தேவை.

ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வேறு வழியில் போனார்: மிதிப்பவரையே கேட்டார். அவர் வகுத்த அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. 6 என்றால் உழைப்பே இல்லை, 13 என்றால் ஓரளவு கடினம், 20 என்றால் இதற்குமேல் முடியாது. ஏன் 6-இல் தொடக்கம்? ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், அவருடைய இதயத்துடிப்புக்கு அருகில் வந்துவிடும் என்பதால்தான். 12, 13 மிதமான பயிற்சி; 14 முதல் 17 வரை கடுமையானது.

எண் சொல்லத் தயங்குகிறவர்களுக்குப் பேச்சே போதும். உழைப்பு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ரத்தத்தில் லாக்டேட்டும் அமிலத்தன்மையும் கூடத் தொடங்குகின்றன. ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. அதை வெளியேற்ற மூளை மூச்சை விரட்டுகிறது. பேசுவதற்கோ மூச்சை நீளமாக, மெதுவாக விட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. வாக்கியம் பாதியில் உடைகிறது. உடைகிற அந்த இடம் ஆய்வகத்தில் முகமூடி மாட்டி அளக்கும் சுவாச எல்லைக்குப் பெரும்பாலும் அருகிலேயே இருக்கிறது.

செய்து பார்ப்பது எளிது. ஐந்து நிமிடம் லேசாக மிதியுங்கள். பிறகு நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று என்ற வேகத்தை மாற்றாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இறுக்கத்தை ஒரு படி கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் மனப்பாடமாகத் தெரிந்த நாலைந்து குறளை உரக்கச் சொல்லுங்கள். சீர்களுக்கு நடுவே மூச்சு வாங்கினால் ஒரு படி இறங்குங்கள். பேச வரும், பாட வராது என்ற அந்த நிலைதான் உங்கள் மிதமான தீவிரம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் பரிந்துரைப்பது இந்தத் தீவிரத்துக்குத்தான். நாலு வார்த்தைக்கு மேல் வராத கடும் பயிற்சியென்றால் 75 நிமிடம் போதும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் யாரானாலும் உடனே நிறுத்த வேண்டும்.

சில வாரங்களில் அதே இறுக்கத்தில் குறள் தடையின்றி வரும். பாட்டும் வரத் தொடங்கும். அப்போது ஒரு படி கூட்டலாம்.