பழைய வாத்தியத்திற்கு ஏன் இன்னும் மேடை?

ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் புழங்கிய மரக் குழலையும் ஹார்ப்சிகார்டையும் இன்றும் சிலர் மேடையேற்றி வாசிக்கிறார்கள். உலோகக் குழலும் பியானோவும் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த நிபோங் திபால் தமிழருக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

முதலில் அந்த இரண்டு வாத்தியங்களைப் பார்ப்போம். பரோக் இசைக்காலம் என்பது ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை. அக்காலத்தின் பிற்பகுதியில் புழங்கிய குழல் மரத்தால் ஆனது. விரலால் மூடும் ஆறு துளைகளும், ஒரே ஒரு சாவியும் அதில் இருக்கும். சில சுரங்கள் தெளிவாகவும், சில சற்று மங்கலாகவும் ஒலிக்கும். ஹார்ப்சிகார்டு பார்வைக்குப் பியானோவைப் போன்றது. ஆனால் பியானோவில் சிறு சுத்தியல் கம்பியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டிலோ பறவை இறகின் தண்டு கம்பியை மீட்டுகிறது. இன்று பெரும்பாலும் இறகுக்குப் பதில் பிளாஸ்டிக் வைக்கிறார்கள். விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஹார்ப்சிகார்டின் ஓசை அதிகம் கூடாது.

1847-ஆம் ஆண்டு ஜெர்மனியின் தியோபால்ட் போம் உருவாக்கிய குழலே இன்றைய உலோகக் குழலுக்கு மூலம். அதில் எல்லாச் சுரமும் ஒரே சீராக, உரக்க ஒலிக்கும். பெரிய அரங்கிற்கு அது ஏற்றது. ஆனால் ஹார்ப்சிகார்டுடன் சேர்ந்தால் சிக்கல். ஜொஹான் செபாஸ்டியன் பாக் இந்த இரண்டிற்குமாக இயற்றிய சொனாட்டாக்களில், ஹார்ப்சிகார்டு வெறும் பக்கவாத்தியம் அல்ல. குழலுக்குச் சரிசமமாகப் பேசுகிறது. உலோகக் குழல் உரக்கப் பாடினால் அந்த உரையாடல் அமுங்கிவிடும். மரக் குழலுடன் வாசிக்கும்போது இரண்டு குரலும் காதில் விழுகின்றன. சுருதியையும் இன்றைய அளவுக்குச் சுமார் அரைக்கட்டை குறைத்தே வைக்கிறார்கள். ஆக, பழமையின் மீது உள்ள பாசம் மட்டும் காரணம் அல்ல. அந்த இசை அந்த வாத்தியத்தின் அளவுக்கு எழுதப்பட்டது என்பதே காரணம்.

நமக்கு இது புதிய செய்தியும் அல்ல. நம் புல்லாங்குழல் இன்றும் சாவி இல்லாத மூங்கில்தான். விரல் நேரடியாகத் துளையின் மேல் அசைவதால்தான் கமகம் பிறக்கிறது. துளைகளுக்குச் சாவி பொருத்தினால் சுரம் நிற்கும், குழைவு போய்விடும்.

ஆனால் நாதஸ்வரத்தில் பெரிய மாற்றம் நடந்துள்ளது. முன்பு கோயில்களில் ஒலித்தது திமிரி எனும் குட்டையான நாதஸ்வரம். அதன் சுருதி நான்கு, ஐந்து கட்டையில் இருக்கும். ஊர்வலத்தில் வெகுதூரம் கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவண்ணத்தில் நீளமான பாரி நாதஸ்வரம் செம்மை பெற்றது. சுத்த மத்தியமம் அதில் சரியாக ஒலித்தது. சுருதியும் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. கச்சேரி மேடைக்கு அது கிடைத்தற்கரிய கொடை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே வேளையில் திமிரி ஏறக்குறைய மறைந்தது. ஆதார சுருதிக்கென ஊதப்பட்ட ஒத்து இருந்த இடத்தில் சுருதிப் பெட்டி அமர்ந்தது. தவிலில் தோல் வார் இருந்த இடத்தை இரும்பு வளையமும் திருகாணியும் பிடித்தன.

இந்த மாற்றங்களைக் குறை கூறுவதற்கில்லை. கலைஞர்கள் தங்கள் தேவைக்காகச் செய்துகொண்டவை அவை. ஐரோப்பாவிலும் ஹார்ப்சிகார்டைப் பியானோ ஓரங்கட்டியது இப்படித்தான். ஆனால் அங்கே பழைய வாத்தியங்கள் அரும்பொருட்காட்சியகங்களில் பத்திரமாக இருந்தன. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் குழலாசிரியர் குவான்ட்ஸ் 1752-இல் வெளியிட்ட நூலில் விரல் வைப்பு, மூச்சு, அலங்காரம் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் கைவினைஞர்கள் அந்த வாத்தியங்களை அளந்து, அதே அளவில் புதியவற்றைச் செய்தார்கள். அறுந்துபோன நூலை மீண்டும் முடிய அங்கே ஒரு முனை மிஞ்சியிருந்தது.

நம் நிலை என்ன? நிபோங் திபால் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் வந்திறங்கிய மண். பின்னர் ரப்பர் வந்தது. கலிடோனியா போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. தோட்டம் எங்கு அமைந்ததோ அங்கு ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. திருவிழாவுக்கு மேளமும் வந்தது. இன்று மலேசியக் கோயில்கள் பலவற்றில் தமிழ்நாட்டுக் கலைஞர்களே நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிறார்கள். வேறு சில கோயில்களில் தீபாராதனை நேரத்தில் விசையைத் தட்டினால் மின்சார மேளமும் மணியும் தாமே முழங்குகின்றன.

இங்கேதான் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். திமிரி போய்ப் பாரி வந்தபோது வாத்தியம் மாறியது, வாசிப்பவர் இருந்தார். அவரிடம் ராகம் இருந்தது, பயிற்சி இருந்தது, சீடர்கள் இருந்தார்கள். மின்சார மேளம் வந்தபோது மாறியது வாத்தியம் அல்ல. வாசிப்பவரே இல்லாமல் போனார். வாத்தியம் மறைந்தால் அளவை வைத்து மீண்டும் செய்யலாம். மூச்சை எங்கே நிறுத்துவது, சீவாளியை எப்படிப் பதப்படுத்துவது, சுவாமி புறப்பாட்டிற்கு எந்த இடத்தில் மல்லாரி வாசிப்பது என்பவை கையிலிருந்து கைக்கு வருபவை. அவற்றை எந்த அரும்பொருட்காட்சியகமும் பூட்டி வைக்க இயலாது.

கோயில் நிர்வாகங்களுக்குச் செலவுச் சுமை உண்டு என்பது உண்மையே. அன்றாடப் பூசைக்கு ஆள் வைக்க முடியாத கோயில்கள் இருக்கின்றன. ஆயினும் ஆண்டுத் திருவிழாவுக்கு வரும் கலைஞரைச் சில வாரங்கள் கூடுதலாகத் தங்க வைத்து, உள்ளூர் இளைஞர் இருவருக்குப் பாடம் சொல்லித்தரச் செய்யலாம். பரணில் கிடக்கும் பழைய நாதஸ்வரத்தையும் தவிலையும் எறிந்துவிடாமல் அளந்து, படமெடுத்து, ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். பக்கத்து ஊர்க் கோயில்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் செலவும் தாங்கக்கூடியதே. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றிப் பேசும்போது, இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.