வானத்து மோதலும் மண்ணுக்குள் கரியும்



பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார், கெடா மாநிலத்துச் சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டமாயிருந்த நிலத்தை 2009 தொடங்கி அகழ்ந்து வந்தார்கள். பழைய இரும்பு உலைகளும் செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த கரித்துண்டுகளைக் கொண்டு காலத்தைக் கணக்கிட்டார்கள். கரித்துண்டில் எழுத்தேதும் இல்லை. அதன் வயதை எப்படி அறிவது?

விடை வானத்தில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து மிகுந்த வேகத்தோடு நுண்ணிய துகள்கள் இரவும் பகலும் நம் காற்று மண்டலத்தில் வந்து விழுகின்றன. இவை காஸ்மிக் கதிர்கள். இவற்றில் ஒன்று காற்றிலுள்ள ஓர் அணுவின் கருவில் மோதினால் என்ன ஆகும்?

கேரம் பலகையை நினைத்துப் பாருங்கள். வேகமாக வந்த காய் பட்டவுடன், குவியலில் சில காய்கள் முன்னோக்கிச் சிதறும். அணுக்கருவிலிருந்தும் அப்படியே சில புரோட்டான்களும் நியூட்ரான்களும் தெறிக்கின்றன. அத்தோடு முடிவதில்லை. அடிபட்ட கரு சூடேறி நிற்கிறது. கொதிக்கும் பானையிலிருந்து ஆவி போவதைப்போல, மேலும் சில துகள்கள் மெதுவாக எல்லாப் பக்கமும் வெளியேறுகின்றன.

இது வெறும் கற்பனையன்று. 1937இல் மரியெட்டா பிளாவ், ஹெர்த்தா வாம்பாக்கர் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், ஆஸ்திரியாவில் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயர மலையில் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்தார்கள். நம் கொடிமலையைப்போல அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரம். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம்போலக் கோடுகள் பிரிந்திருந்தன. அது தகட்டிலிருந்த அணுக்கரு உடைந்த தடம். மெதுவான துகள் தடித்த கோட்டையும், வேகமானது மெல்லிய கோட்டையும் விட்டுச் சென்றன. மின்னேற்றமற்ற நியூட்ரான் மட்டும் தடம் பதிப்பதில்லை.

அந்த நியூட்ரான்தான் நமக்கு வேண்டியது. காற்றில் தெறித்த நியூட்ரான் நைட்ரஜன் அணுக்கருவைத் தாக்கினால் கார்பன்-14 உண்டாகிறது. அது கரியமில வாயுவாகி இலைக்குள் போகிறது. ரப்பர் மரத்திலும் செம்பனையிலும், அவ்வழியே நம் உடம்பிலும் அது இருக்கிறது. மரம் பட்டுப்போனால் புதிதாகச் சேர்வது நின்றுவிடும். இருப்பது சுமார் 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். இம்முறையை 1949இல் வில்லார்ட் லிபி குழுவினர் நிறுவினார்கள்.

ஆனால் கரி தன் வயதைத்தான் சொல்லும்; எந்தக் கட்டடத்தைச் சேர்ந்தது என்பதை, அது கிடந்த இடமே சொல்லும். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பழமையான சண்டி ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. அப்படி அழிந்த இடத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ஆகவே தோட்டத்தில் குழி வெட்டும்போது பழைய செங்கல்லோ கரியோ தென்பட்டால், கிளறாமல் நிறுத்தி, நிர்வாகத்துக்கும் அரும்பொருளகத்தாருக்கும் தெரிவிப்போம்.