பெட்டிக்குள் தூங்கும் பிள்ளையும் வெளியே நிற்கும் பெற்றோரும்

குறைமாதத்தில் குழந்தை பிறந்த வீட்டில் முதல் சில நாட்கள் எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்தான்: "புள்ளைய பெட்டியில வெச்சிருக்காங்க." தாய் சிசேரியன் வலியோடு வேறு மாடியில் படுத்திருப்பார். தகப்பன் மருந்துச் சீட்டோடு மாடிப்படிக்கும் மருந்துக் கடைக்கும் அலைந்து, நடுவில் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார். உள்ளே போகலாமா என்று கேட்டால் கிடைக்கும் பதிலை எத்தனையோ ஆஸ்பத்திரி வராண்டாக்களில் கேட்டிருக்கிறேன்: "தூங்குது, தொந்தரவு பண்ணாதீங்க." அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் அந்தத் தூக்கத்துக்கு மிக நல்ல இடம் என்று மருத்துவம் இன்று சொல்வது தாயின், தகப்பனின் வெறும் மார்பை. அதைத்தான் இந்த வார்த்தை வெளியே அனுப்பிவிடுகிறது.

37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. 2020-ல் உலகில் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு, சுமார் 30 லட்சம். ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று இன்னமும் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லை. கருப்பையில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான்.

தூங்கும் கைக்குழந்தை திடீரென்று முகம் சுளித்தாலோ சிரித்தாலோ "நரி விரட்டுது" என்பார்கள் நம் பாட்டிகள். இமைக்குள் விழி உருளும், விரல் துடிக்கும், மூச்சு ஒரு சீராக இருக்காது. மருத்துவர்கள் இதைச் செயல் தூக்கம் என்கிறார்கள். உடல் அசையாமல், மூச்சு சீராகப் போவது அமைதித் தூக்கம். குறைமாதக் குழந்தை நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும், அதில் அதிகம் இந்த நரி விரட்டும் தூக்கம்தான். வெளியிலிருந்து காட்சியும் ஒலியும் போதிய அளவு கிடைக்காத வயதில், மூளை தனக்குத் தானே தூண்டுதல் கொடுத்து நரம்பு இணைப்புகளைக் கட்டிக்கொள்ளும் நேரம் அது. கருவறையின் இருட்டில் நடந்திருக்க வேண்டிய அந்தக் கட்டுமான வேலை, இங்கே டியூப் லைட்டுக்கு அடியில் நடக்கிறது.

அங்கேதான் ஆபத்து. மானிட்டர் அலாரம், இன்குபேட்டர் கதவு சாத்தும் சத்தம், ரத்தப் பரிசோதனைக்கு ஊசி, எடை பார்க்க, டயப்பர் மாற்ற என்று குழந்தையைத் திரும்பத் திரும்ப எழுப்பிவிடுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. சாதாரணப் பேச்சே அதற்கு மேல் போய்விடும். செவிலியரிடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்: இன்குபேட்டர் மேல் துணி போர்த்த முடியுமா? இரவில் விளக்கைக் குறைக்க முடியுமா? அவசரமில்லாத வேலைகளை ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா? இவை அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, நல்ல வார்டுகளில் அன்றாட வழக்கம்.

இனி மார்புக்கு வருவோம். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கத் தொடங்கினார். அதுதான் கங்காரு பராமரிப்பு. ஏழை நாட்டுக்கான மாற்று ஏற்பாடு என்று பலரும் நினைத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தைக் கலைத்தன. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். பிறந்த உடனேயே, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் கங்காரு பராமரிப்பு பெற்ற குழந்தைகளிடம் 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். "உள்ளே விட்டால் இன்பெக்‌ஷன் வரும்" என்பதுதானே வழக்கமான மறுப்பு? தாயை வார்டுக்குள்ளேயே தங்க வைத்த பிரிவில் தொற்றுச் சந்தேகம் குறைவாகத்தான் இருந்தது. 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைப் பரிந்துரைக்கிறது.

தூக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மார்பில் கிடக்கும்போது குழந்தையின் வெப்பமும் இதயத் துடிப்பும் நிலைப்படுகின்றன, அமைதித் தூக்கம் நீள்கிறது, திடுக்கிட்டு விழிப்பது குறைகிறது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மேன் குழுவினர், 14 நாட்கள் தினமும் ஒரு மணி நேரம் இப்படி வைத்திருந்த குழந்தைகளைப் பத்து வயதுவரை பின்தொடர்ந்தார்கள். பத்தாவது வயதிலும் அவர்களுடைய தூக்கம் மற்றவர்களுடையதைவிடச் சீராக இருந்தது, தாயும் பிள்ளையும் பழகும் விதத்தில் இசைவும் கூடியிருந்தது.

அந்த இசைவு எப்படி வருகிறது? குறைமாதக் குழந்தை உரக்க அழாது, அதன் பேச்சு மெலிதானது. விரல்களை விரித்து கையைத் தடுப்பதுபோல் நீட்டினால், விக்கினால், கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பினால் "போதும், விடு" என்று பொருள். கண் திறந்து கையை வாய்க்குக் கொண்டுபோனால் உங்களோடு இருக்கத் தயார். தடவிக் கொடுப்பது அதற்குத் தாங்காது. ஒரு உள்ளங்கையைத் தலையிலும் மறு கையைப் பாதத்திலும் அசையாமல் வைத்துக்கொள்வது பிடிக்கும். இதையெல்லாம் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கற்க முடியாது. "நான் என்ன தப்புப் பண்ணினேனோ" என்று குமுறும் தாய்க்கும், பிள்ளை நெஞ்சில் தூங்கிப்போகும் அந்த ஒரு மணி நேரம் ஆறுதல். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

"கைச்சூடு பழகிடும், கீழே போடு" என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு என்ற வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தாய் தந்தையருக்குப் பயிற்சி கொடுத்து, உள்ளே அனுமதித்து, பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அனுமதி மறுத்தால் இந்த வழிகாட்டுதலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிறகு பிரிவின் பொறுப்பு மருத்துவர், அடுத்து கண்காணிப்பாளரிடம் எழுத்தில் மனு. தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டப்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம்.

வீட்டுக்கு வந்ததும் விதிகள் சில மாறும். வார்டில் மானிட்டர் இருந்ததால் குப்புறப் படுக்க வைத்திருக்கலாம். வீட்டில் எப்போதும் மல்லாக்கத்தான், தட்டையான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல். திடீர் மரண ஆபத்து குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகம். ஆகவே ஒரே அறையில் தூங்குங்கள், ஒரே படுக்கை வேண்டாம். தூளியில் உடல் வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும் என்பதால் ஆரம்ப மாதங்களில் அதைத் தள்ளி வையுங்கள். கங்காரு முறையில் நீங்கள் சாய்ந்திருக்க வேண்டும், குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பி முகம் தெரிய வேண்டும். சோபாவில் அப்படியே கண்ணயர்ந்துவிடாதீர்கள்.

தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்பதற்கு ஒரு விலக்கு: பசித்தாலும் எழத் தெம்பில்லாத குழந்தையை மருத்துவர் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். எழுப்பியும் எழவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு 20 நொடி நிற்கிறது என்றால் உடனே 108. மற்றபடி, அடுத்த வீட்டுக் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்குகிறதே என்று ஒப்பிடாதீர்கள். பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்த நாளிலிருந்துதான் இந்தப் பிள்ளையின் வயதைக் கணக்கிட வேண்டும்.

விடுப்பில்தான் எனக்கு ஆற்றாமை. 26 வார மகப்பேறு விடுப்பில் ஒன்றிரண்டு மாதம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிடுகிறது. குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் கோளாறு வந்தால் கூடுதலாக ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்புக்கு 1961 மகப்பேறுச் சட்டத்தின் 10-ம் பிரிவு இடம் தந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சான்றிதழ் வாங்கிக் கேளுங்கள், பலருக்கு இது தெரியவே தெரியாது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பிள்ளை இருக்கும் பெற்றோர் இருவருக்குமே 12 வாரம் வரை தனி விடுப்பு. நம் தனியார் துறைத் தகப்பனுக்கோ ஒரு நாள்கூடச் சட்டப்படி கிடையாது. பிரிட்டனைப் போன்ற ஒரு சட்டம் இங்கேயும் வர வேண்டும். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு ஓடி வரும் அப்பாவும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார, அந்த வார்டில் ஒரு சாய்வு நாற்காலி போடச் சொல்லி இன்றைக்கே கேளுங்கள்.