சைரன் என்ற சொல்

சுனாமி ஒத்திகை நாளொன்றில் கடற்கரைக் கோபுரத்துச் சைரன் எங்கள் வகுப்பறை வரை கேட்டது. ஓசை அடங்கியதும் பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி எழும்பினாள். "சேர், சைரன் என்டா தமிழா, இங்கிலீசா?"

"ரெண்டும் இல்ல புள்ள. கிரேக்கம்" என்றேன்.

ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில், 12ஆம் பாகத்தில், சைரன்கள் வருகின்றன. அவை கடலோரப் புல்வெளியில் அமர்ந்து பாடும். அந்தப் பாட்டில் மயங்கிக் கப்பலைத் திருப்பியவர் வீடு திரும்புவதில்லை. ஒடிசியஸ் தன் மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைக்கிறான். தனக்கோ பாட்டைக் கேட்கும் ஆசை. ஆகவே தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொல்கிறான். சைரன்கள் அவனுக்குக் காட்டும் ஆசை அழகு அல்ல, அறிவு. உலகில் நடப்பதெல்லாம் தங்களுக்குத் தெரியும் என்கின்றன.

அவற்றின் உருவத்தை ஹோமர் சொல்லவில்லை. கிரேக்கர் தம் சாடிகளில் பெண் தலை கொண்ட பறவையாக வரைந்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில் அதற்கு மீன்வால் முளைத்தது. பிரெஞ்சு மொழியில் கடற்கன்னிக்கு இன்றும் இதே பெயர்தான். மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியாவின் விலங்கு வரிசையை உயிரியலார் 'சைரீனியா' என்பதும் இவ்வழியில் வந்ததே.

அப்படியானால் பாடி மயக்கிய பிராணி, ஊளையிடும் கருவியானது எப்படி? 1819இல் காணியார் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர், சுழலும் துளைத்தட்டின் ஊடே காற்றைச் செலுத்தி ஓசை எழுப்பும் கருவியொன்றைச் செய்தார். அது தண்ணீருக்குள்ளும் ஒலித்தது. அதனால் கடலோரப் பாடகியின் பெயரை அதற்கு வைத்தார். ஓசையின் அதிர்வெண்ணை அளக்க உதவிய அக்கருவியின் வழித்தோன்றல்கள் பின்னர் கப்பலிலும் ஆலையிலும் யுத்தகால நகரங்களிலும் ஒலித்தன.

அரபியில் இது 'ஸஃப்பாரத்துல் இன்தார்', அதாவது எச்சரிக்கை ஊதல். நாம் ஓதும் 'நதீர்' என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். தமிழில் அபாயச் சங்கு என்போம். மற்ற இரு மொழிகளும் வேலையைச் சொல்ல, 'சைரன்' மட்டும் பழங்கதையைச் சுமந்து நிற்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையில் எந்தச் சைரனும் ஊதவில்லை. இப்போது ஊதுகிறது, "சும்மா ஒத்திகதானே" என்று இருந்துவிடுகிறோம். கதையில் காதை அடைத்தவர்கள் தப்பினார்கள். நம் கரையில் காது கொடுத்தவர்தான் தப்புவார். இதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன்.